‘வித்தியாசம்’னு எழுதறதுக்கு முன்னாடி: பனியன் கம்பெனி மெயில்ல நான் கத்துக்கிட்ட இங்கிலீஷ்

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கேன். 2009ல ஜூனியரா உள்ள வந்தேன், பல்லடம் பக்கத்துல கவர்மென்ட் ஸ்கூல், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். மெர்ச்சன்டைசர் வேலைன்னா பையர், அதாவது சரக்கு வாங்கற வெளிநாட்டு கம்பெனி, ஒரு பக்கம் ஃபேக்டரி ஒரு பக்கம், நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் பேசறது, பையர்கிட்ட இங்கிலீஷ்ல, சாயப்பட்டறைலயும் கட்டிங் மாஸ்டர்கிட்டயும் தமிழ்ல. ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது மெயில் வரும் போகும், அதுல பாதிக்கு மேல ஒரே விஷயந்தான், ஏதோ ஒண்ணு இன்னொண்ணு மாதிரி இல்லன்னு சொல்றது. கலர் ஒத்துப்போகல, அளவு கூடிப்போச்சு, பெட்டில பீஸ் எண்ணிக்கை சரியில்ல, பேப்பர்ல ஒண்ணு சரக்குல ஒண்ணு. தமிழ்ல இது எல்லாத்துக்கும் ‘வித்தியாசம் இருக்குதுங்க’ன்னு சொன்னா போதும், எதிர்ல இருக்கறவருக்கு புரிஞ்சிரும், ஏன்னா துணி அங்கயே டேபிள் மேல கெடக்கு, விரல வெச்சு காட்டிரலாம். மெயில் படிக்கிற பையர் முன்னாடி துணி கிடையாது, நாம எழுதுன வார்த்தை மட்டும்தான் இருக்கு. இது எனக்கு உறைக்கறதுக்குள்ள ஒரு ஆர்டரே கையவிட்டு போகப் பாத்துச்சு.

2011. திருப்பூர்ல இருந்தவங்க யாருக்கும் அந்த வருஷம் மறக்காது. நொய்யல் ஆத்து மாசு கேஸ்ல ஜனவரி கடைசில சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொல்லி உத்தரவு போட்டுருச்சு. ஆறு கெட்டுப்போனது உண்மை, ஆயக்கட்டு விவசாயிங்க அழுதது உண்மை, அது பெரிய பேச்சு, இங்க வேண்டாம். எங்க வேலைக்கு என்னாச்சுன்னா ஊருக்குள்ள சாயம் போட வழியில்லாம துணிய லாரில ஏத்தி வெளியூருக்கு அனுப்பி வாங்கிட்டு இருந்தோம். பழகின பட்டறைன்னா டையிங் மாஸ்டர்கூட உக்காந்து, இன்னும் கொஞ்சம் செவப்பு கம்மி பண்ணுங்க மாஸ்டர்னு பேசி ஷேடை புடிச்சிரலாம், முன்னப்பின்ன தெரியாத ஊர்ல அதெல்லாம் நடக்காது, வந்தது வந்ததுதான்.

அப்படி வந்த ஒரு லாட்டு நேவி ப்ளூ, போலோ டி-ஷர்ட்டுக்கு, 12,000 பீஸ். கலர் பாக்கற லைட் பாக்ஸ்ல வெச்சு பாத்தா அப்ரூவ் ஆன லேப் டிப்ப விட, அதாவது பையர் முன்னாடியே பாத்து சரின்னு சொன்ன சாயம் போட்ட சாம்பிள் துண்ட விட, அரை டோன் டார்க்கா இருக்கு. பத்து ரோல் பிரிச்சு பாத்தேன், பத்தும் அதே டார்க்தான், ரோலுக்கு ரோல் ஒரு மாத்தமும் இல்ல. நான் உடனே பையருக்கு மெயில் போட்டேன், நேவில ‘ஷேட் வேரியேஷன்’ இருக்கு, தயவுசெஞ்சு அப்ரூவல் குடுங்கன்னு. எனக்கு அந்த வார்த்தைதான் பழக்கம், கம்பெனில வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் ஷேட் வேரியேஷன்னுதான் சொல்லுவாங்க. மறுநாள் காலைல பதில் வந்துச்சு. கட்டிங்க நிறுத்துங்க, வெளி இன்ஸ்பெக்‌ஷன் ஆள் வந்து எல்லா ரோலையும் பாக்கணும், அதுவரைக்கும் ஒரு பீஸ்கூட தைக்கக் கூடாது.

அஞ்சு நாள் துணி அப்படியே கெடந்துச்சு. பவர் டேபிள்ல டெய்லருங்க சும்மா உக்காந்திருந்தாங்க, பீஸ் ரேட்டுக்கு தைக்கறவங்களுக்கு சும்மா உக்காந்தா அன்னிக்கு கூலி இல்ல, அத இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு கஷ்டமாத்தான் இருக்கும். ஆறாவது நாள் இன்ஸ்பெக்டர் வந்தாரு, கோயம்புத்தூர்காரர், வயசானவர். ரோல் ரோலா பிரிச்சு, நடுவுல ஒரு துண்டு ஓரத்துல ஒரு துண்டு வெட்டி, பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துட்டே போனாரு. முடிச்சுட்டு என்னைக் கூப்ட்டு, “ஏம்மா, வேரியேஷன்னு எழுதியிருக்கீங்க, இதுல எங்கம்மா வேரியேஷன்? எல்லாம் ஒரே ஷேடுதானே”ன்னு கேட்டாரு. நான் லேப் டிப்ப எடுத்து காட்டி, இதவிட டார்க்கா இருக்குதுங்க சார்னேன். “அது வேரியேஷன் இல்லம்மா, இது அதுலருந்து டிஃபர் ஆகுது. ரெண்டும் வேற வேற நோய், மருந்தும் வேற வேற”ன்னாரு.

அவர் சொன்ன வெளக்கம் எனக்கு அப்படியே மனசுல நின்னுபோச்சு. மொத்த லாட்டும் ஒரே மாதிரி அரை டோன் டார்க்னா, கடைல போய் வாங்கற ஆளுக்கு அது தெரியவே தெரியாது, அவர் கைல லேப் டிப் இல்ல, அதனால பையர் பாத்துட்டு பல நேரம் சரின்னு விட்ருவாங்க. வேரியேஷன்னு சொன்னா, கடை ரேக்குல மடிச்சு அடுக்கின ரெண்டு பீஸ் ரெண்டு கலரா தெரியும், இல்ல ஒரே சட்டைல கை ஒரு கலர் உடம்பு ஒரு கலரா நிக்கும். அத எந்த பையரும் வாங்க மாட்டாங்க. நான் எழுதுன ஒரு வார்த்தைல அவங்களுக்கு தெரிஞ்சது அந்த ரேக்குதான். சாயந்திரமே அவர் ரிப்போர்ட் அனுப்பினாரு, லாட் முழுக்க யூனிஃபார்ம், ஆனா அப்ரூவ்டு லேப் டிப்லருந்து சின்னதா டிஃபர் ஆகுதுன்னு ரெண்டே வரி. மறுநாள் அப்ரூவல் வந்துருச்சு. துணி அதே துணிதான்.

அதுக்கப்புறம் நான் செஞ்சது, ஒரு நோட்டு போட்டு இந்த வார்த்தைகள ஒண்ணொண்ணா எழுத ஆரம்பிச்சேன். டிக்‌ஷனரில பாத்தா எல்லாத்துக்கும் வேறுபாடு, வித்தியாசம், பலவகைன்னு மாத்தி மாத்தி அதேதான் போட்டிருக்கும், அதனால பிரயோஜனம் இல்ல. எனக்கு வழி தெரிஞ்சது தமிழ்லருந்துதான். நாம பேசும்போது எல்லாத்துக்கும் வித்தியாசம்னு சொல்லி பழகிட்டோமே தவிர தமிழ்ல இதெல்லாம் ஏற்கனவே தனித்தனியா பிரிச்சு வெச்சிருக்கு. வேறு, மாறு. இந்த ரெண்ட கெட்டியா புடிச்சுக்கிட்டாலே பாதி கஷ்டம் தீர்ந்துரும். இது அதுல இருந்து *வேற*ன்னா டிஃபர், டிஃபரன்ட், டிஃபரன்ஸ். இது தனக்குள்ளயே *மாறி மாறி* வருதுன்னா வேரி, வேரியேஷன், வேரியபிள். வேறுபாட்டுக்கு ரெண்டு பொருள் வேணும், பக்கத்துல வெச்சு பாக்க ஒண்ணு வேணும். மாறுபாட்டுக்கு ஒரே பொருள் போதும், இங்க ஒரு மாதிரி அங்க ஒரு மாதிரி, இன்னிக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி.

வேலைலயும் இது அப்படியே நிக்கும். லாட்டுக்குள்ள வேரி ஆகுதுன்னா நாம ரோலுங்கள ஷேட் வாரியா பிரிச்சு, தனித்தனியா வெட்டி, ஒவ்வொரு பண்டிலுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு ரோல்ல வெட்டின கையும் உடம்பும் அதே சட்டைல சேர்ற மாதிரி பாத்துக்கணும். அப்ரூவல்லருந்து டிஃபர் ஆகுதுன்னா பிரிக்கறதுல அர்த்தமே இல்ல, ஒண்ணு பையர்கிட்ட சம்மதம் வாங்கணும், இல்ல திரும்ப சாயத்துக்கு போகணும். வார்த்தை தப்பானா மருந்தும் தப்பாயிரும்னு அந்த பெரியவர் சொன்னது இதத்தான்.

அடுத்து டிஃபரன்ட், வேரியஸ். இந்த ரெண்டுலயும் எல்லாருமே தடுமாறுவோம். இதுக்கும் தமிழ்லயே சாவி இருக்கு, வெவ்வேறு, பல்வேறு. ‘மூணு வெவ்வேறு கலர்’னு சொல்லலாம், ‘மூணு பல்வேறு கலர்’னு யாராவது சொல்லுவாங்களா? காதுலயே இடிக்கும். இங்கிலீஷ்லயும் அச்சு அசலா அப்படியேதான், த்ரீ டிஃபரன்ட் கலர்ஸ் சரி, த்ரீ வேரியஸ் கலர்ஸ் தப்பு. ஏன்னா பல்வேறுக்குள்ளயே ‘பல’ இருக்கு, வேரியஸ்க்குள்ளயும் பலங்கற எண்ணிக்கை உள்ளயே உக்காந்திருக்கு, அதுக்கு மேல மூணு நாலுன்னு நம்பர் போட்டா ஒட்டாது. அதே காரணத்தாலதான் வேரியஸ்க்கு பின்னாடி ஒருமை வராது, வேரியஸ் கலர்னு எழுதக் கூடாது, கலர்ஸ்னு வரணும். வெரி டிஃபரன்ட்னு சொல்லலாம், வெரி வேரியஸ்னு சொல்றதில்ல. இத ஒரு தடவ வெவ்வேறு, பல்வேறுன்னு வாய்விட்டு சொல்லி பாத்துட்டா இலக்கண புக்கே வேண்டாம்.

டிஃபரன்ட்ல இன்னொரு சங்கதி. நாம ஒரு படம் பாத்துட்டு வந்து, படம் டிஃபரன்டா இருந்துச்சுன்னா அது பாராட்டு. வித்தியாசமா எடுத்திருக்காங்கன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒரு அமெரிக்கா பையர் ஒரு தடவ சாம்பிள கைல எடுத்து திருப்பி பாத்துட்டு ஹ்ம், தட்ஸ் டிஃபரன்ட்னாங்க, நான் சந்தோஷமா அன்னிக்கே சாம்பிளிங்ல சொல்லி இன்னும் ரெண்டு டிசைன் அதே மாதிரி போட வெச்சேன். ஆர்டர் வரல. மனசுக்கு புடிக்காதத மரியாதையா சொல்ல அவங்க அந்த வார்த்தைய உபயோகப்படுத்துவாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. எப்பவும் அப்படின்னு இல்ல, முகத்தையும் குரலையும் சேத்து பாக்கணும், மெயில்ல வந்தா இன்னொரு வரி கேட்டு தெளிவு பண்ணிக்கணும், எது எப்படி இருக்கணும்னு எதிர்பாத்தீங்கன்னு நேரா கேட்டா பதில் வந்துரும்.

டிஃபரன்ட்க்கு பின்னாடி ஃப்ரம்மா, டு வா, தேனான்னு ஜூனியருங்க அடிக்கடி கேப்பாங்க. ஃப்ரம் எங்கயும் செல்லும். டு பிரிட்டிஷ்காரங்க பேசறது, தேன் அமெரிக்காகாரங்க பேசறது. ரெண்டு நாட்டு பையருக்கும் எழுதற நமக்கு ஃப்ரம் போதும், அதுல மூளைய செலவு பண்ண வேண்டாம்.

வெரைட்டி. இந்த வார்த்தைய நாம தமிழாவே ஆக்கிட்டோம், அதுதான் வெனை. எங்கப்பா விவசாயி, எங்க தோட்டத்துல ஒரு காலத்துல பருத்தி போட்டிருந்தாங்க. விதை கடைல போனா ‘வெரைட்டியா, ஹைபிரிடா?’ன்னு கேப்பாங்க. அங்க வெரைட்டின்னா பலவிதம்ங்கற அர்த்தமே இல்ல, ரகம்னு அர்த்தம், வெளஞ்சதுல விதை எடுத்து வெச்சு அடுத்த வருஷம் போட்டாலும் அதே குணத்தோட வர்ற நிலையான ஒரு ரகம். சுவின் பருத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, கோயம்புத்தூர்ல உருவாக்கி 1974ல வெளியிட்டது, சுஜாதாங்கற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட்ங்கற ரகத்தையும் சேத்ததால ரெண்டு ரகத்தோட பேரையும் கலந்து சுவின். அது ஒரு வெரைட்டி, ஒரே வெரைட்டி. ஹோட்டலுக்கு போனா வெரைட்டி ரைஸ், எலுமிச்சை சாதம் புளி சாதம் தயிர் சாதம், நம்ம ஊர தாண்டினா இந்த பேர் யாருக்கும் புரியாது. கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் ரோடுன்னு ஒண்ணு இருக்கு, தினமும் ஆயிரம் பேர் அந்த பேர சொல்றாங்க. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ல அங்க கட்டின தியேட்டர் பேர்தான் வெரைட்டி ஹால், ரயில்வேல வேலைல இருந்துட்டு ஃபிலிம் பெட்டிய தூக்கிட்டு ஊர் ஊரா படம் காட்டினவர். அந்த காலத்து இங்கிலீஷ்ல வெரைட்டின்னா பாட்டு, ஆட்டம், வித்தைன்னு எல்லாம் கலந்த மேடை நிகழ்ச்சி. ஒரே வார்த்தை, விதை கடைல ஒண்ணு, சாப்பாட்டு கடைல ஒண்ணு, ரோட்டு பேர்ல ஒண்ணு.

மெயில் எழுதறப்ப தெரிய வேண்டியது இவ்ளோதான். அ வெரைட்டி ஆஃப் ஃபேப்ரிக்ஸ்னா பலவிதமான துணிங்க, பின்னாடி பன்மைல வரும், ஃபேப்ரிக்ஸ் ஆர். டூ வெரைட்டீஸ் ஆஃப் காட்டன்னா ரெண்டு ரகம், எண்ணி சொல்றது. நீங்க ஒரு குவியல பாத்து பிரமிச்சு சொல்றீங்களா, இல்ல ரகத்த எண்ணி சொல்றீங்களான்னு பாத்துக்கணும். வேரியன்ட்ங்கறது கொரோனா சமயத்துல எல்லாருக்கும் பழகிப்போச்சு. 2021 மே 31ந்தேதி உலக சுகாதார நிறுவனம் ஆல்ஃபா, பீட்டா, டெல்டான்னு கிரேக்க எழுத்துல பேர் வெச்சாங்க, இந்தியால முதல்ல கண்டுபிடிச்சதுன்னு நம்ம நாட்டு பேர சொல்லிட்டு இருந்தது டெல்டாவா மாறுச்சு. கிருமி அதேதான், ஆனா கொஞ்சம் மாறி வந்திருக்கு, அதான் வேரியன்ட். துணிலயும் அதே கணக்கு, ஒரே ஸ்டைல், கழுத்து மட்டும் வி நெக்னா அது வேரியன்ட். ஸ்டைலே வேறன்னா அது வேரியன்ட் இல்ல, அதுக்கு டிஃபரன்ட் ஸ்டைல்னு புது ஸ்டைல் நம்பர் போடணும். இத மாத்தி எழுதினா காஸ்டிங் ஷீட்டே குழம்பிரும்.

இப்ப நான் ரொம்ப நாள் பயந்துட்டு இருந்த வார்த்தை, டிஸ்க்ரெபன்சி.

எல்.சி.ல போன ஒரு ஷிப்மென்ட். எல்.சி.ன்னா லெட்டர் ஆஃப் கிரெடிட், பேப்பர் எல்லாம் சொன்னபடி இருந்தா பணம் குடுத்துருவோம்னு பையரோட பேங்க் எழுதிக் குடுக்கற உறுதி. சரக்கு நல்லா போயிருச்சு, எண்ணிக்கை சரி, தரம் சரி, டாக்குமென்ட பேங்க்ல போட்டாச்சு. நாலாவது நாள் பேங்க்லருந்து பேப்பர் வருது, டிஸ்க்ரெபன்சி, பேமென்ட் நிறுத்தி வெச்சிருக்கு. சம்பள வாரம் அது. நான் பதறிப்போய் போன்ல, “சார், சரக்குல ஒரு வித்தியாசமும் இல்லீங்க சார், பையரே நல்லா இருக்குன்னு மெயில் போட்டிருக்காங்க”ன்னு மறுபடி மறுபடி சொல்றேன், அந்த பக்கம் இருந்தவர் அத காதுலயே வாங்கல. எங்க ஆபீஸ்ல டாக்குமென்டேஷன் பாக்கற அண்ணா ஒருத்தர், இருபது வருஷம் பேங்க் வாசல்ல நின்னவர், போன வாங்கி வெச்சுட்டு என்னை உக்கார வெச்சாரு. எல்.சி.ய ஒரு கைல, இன்வாய்ஸ ஒரு கைல குடுத்து, “கண்ணு, சரக்க மறந்துரு. இந்த பேப்பர் சொல்றத அந்த பேப்பர் சொல்லுதான்னு மட்டும் படி”ன்னாரு. எல்.சி.ல மென்ஸ் நிட்டட் போலோ ஷர்ட்ஸ்னு இருக்கு. இன்வாய்ஸ்ல நம்ம பையன் பழக்கத்துல ஜென்ட்ஸ் டி-ஷர்ட்ஸ்னு அடிச்சிருக்கான்.

அன்னிக்கு புரிஞ்சுது. டிஸ்க்ரெபன்சிங்கறது ரெண்டு பொருளுக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் இல்ல, ஒரே பொருளப் பத்தி ரெண்டு கணக்கு சொல்றது. ஒத்துப்போயே ஆகணும்னு இருக்கற ரெண்டு, ஒத்துப்போகல. தமிழ்ல முரண்பாடுன்னு சொன்னா கிட்ட வரும். இதோட லத்தீன் வேர்ல சத்தம் போடறதுன்னு அர்த்தம் இருக்கு, ரெண்டு பேர் ஒரே பாட்ட பாடறப்ப ஒருத்தர் சுருதி வெளிய போற மாதிரி. ஸ்டாக் புக்ல 500, குடோன்ல எண்ணினா 488, அதான் டிஸ்க்ரெபன்சி. இந்த வாரம் 500 தைச்சோம் போன வாரம் 488 தைச்சோம்னா அது வெறும் டிஃபரன்ஸ், யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல.

எல்.சி. வேலைல இருக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம் சேத்து சொல்லிர்றேன், இத தெரியாம நிறைய பேர் காச விடறாங்க. யு.சி.பி. 600ன்னு ஒரு விதி புக் இருக்கு, 2007லருந்து நடைமுறைல இருக்கு, உலகம் பூரா பேங்குங்க எல்.சி.க்கு அதத்தான் பாப்பாங்க. இன்வாய்ஸ்ல சரக்கு விவரம் எல்.சி.ல இருக்கறதுக்கு ஒத்துப்போகணும்னு அதுல தெளிவா இருக்கு, அதனால நம்ம பாஷைல அழகா மாத்தி எழுத வேண்டாம், எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்து போடுங்க. பேங்க் பேப்பர பாத்து முடிக்க அஞ்சு பேங்க் வேலை நாள் வரைக்கும் டைம் இருக்கு, அதுக்குள்ள பதில் வரலன்னு தினம் போன் பண்ணி பலனில்ல. எண்ணிக்கைல அஞ்சு பர்சன்ட் முன்னப்பின்ன போலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா எல்.சி.ல பீஸ் கணக்குல எண்ணிக்கை போட்டிருந்தா அந்த சலுகை தானா வராது. கிலோ கணக்குக்குத்தான் அது. பீஸுக்கு வேணும்னா எல்.சி. ஓப்பன் பண்றப்பவே டாலரன்ஸ் எழுதி வாங்கணும், இல்ல எண்ணிக்கைக்கு முன்னாடி அபௌட்னு ஒரு வார்த்தை போட வெக்கணும், அந்த ஒரு வார்த்தைக்கு பத்து பர்சன்ட் கூடவும் கொறையவும் இடம் இருக்கு. பேங்க் சார்ஜ் புடிச்சுட்டு எங்க பணம் பத்து நாள் லேட்டா வந்துச்சு, அந்த அண்ணா யாரையும் திட்டல, இன்வாய்ஸ் அடிச்ச பையனுக்கு டீ வாங்கி குடுத்து பக்கத்துல உக்கார வெச்சு எல்.சி. படிக்க கத்துக் குடுத்தாரு.

பேக்கிங்ல அசார்ட்டட், சாலிட்னு ரெண்டு வரும், அத பத்தி கொஞ்சம். சாலிட்னா ஒரு பெட்டில ஒரே கலர் ஒரே சைஸ். அசார்ட்டட்னா கலந்து, ஆனா கண்டபடி கலக்கறது இல்ல, ரேஷியோ போட்டு கலக்கறது, எஸ் ஒண்ணு எம் ரெண்டு எல் ரெண்டு எக்ஸ்.எல். ஒண்ணுன்னு. மிக்ஸ்டுன்னு சொன்னா கலந்திருக்கு, அவ்ளோதான், அசார்ட்டட்னா யாரோ யோசிச்சு கலந்திருக்காங்க. ‘டிஃபரன்ட் சைஸஸ் இன் ஒன் கார்ட்டன்’னு ஒரு பேக்கிங் லிஸ்ட்ல நான் எழுதி, பேக்கிங் செக்‌ஷன்ல அத பாத்துட்டு கைக்கு வந்தத போட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு 240 பெட்டிய பிரிச்சு திரும்ப அடுக்கினோம். ஹெல்பர் வேலை பாக்கற கைமடி அக்காங்க நாலு பேர் எனக்காக வீட்டுக்கு போகாம நின்னாங்க. ஒரு அக்கா டேப்ப கிழிச்சுட்டே, ஒரே ஒரு வார்த்தை தெளிவா எழுதியிருந்தா நாங்க அஞ்சரைக்கு பஸ் ஏறியிருப்போமே கண்ணுன்னாங்க. கோபமில்லாமத்தான் சொன்னாங்க. அதுக்கப்புறம் பேக்கிங் லிஸ்ட்ல நான் டிஃபரன்ட்ங்கற வார்த்தையே எழுதினதில்ல.

டிஸ்பாரிட்டிய பத்தி கண்டிப்பா சொல்லணும். ஒரு தடவ ஆடிட் வந்தப்ப, ஒரே பேக்கிங் வேலைக்கு ஆம்பளைங்களுக்கு ஒரு சம்பளம், பொம்பளைங்களுக்கு அதவிட கம்மின்னு ரெஜிஸ்டர்ல தெரிஞ்சது. பதில் எழுத சொல்லி எங்கிட்ட குடுத்தாங்க, நான் சம்பளத்துல சின்ன டிஃபரன்ஸ் இருக்குன்னு எழுதினேன். ஆடிட் பண்ண வந்த மேடம் ரிப்போர்ட்ல அத வேஜ் டிஸ்பாரிட்டின்னு மாத்தி எழுதியிருந்தாங்க. மொதல்ல எனக்கு ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணுச்சு, மேடத்துக்கிட்டயே கேட்டேன். டெய்லருக்கும் ஹெல்பருக்கும் சம்பளம் வேற வேற, அது டிஃபரன்ஸ், வேலை வேற. வேலை ஒண்ணாவே இருந்து கூலி மட்டும் ஏறி எறங்கி இருந்தா அது டிஸ்பாரிட்டி, அது இருக்கவே கூடாத வித்தியாசம்னாங்க. ஏற்றத்தாழ்வுன்னு தமிழ்ல பளிச்சுன்னு சொல்றோமே அதான் இது. சம வேலைக்கு சம கூலின்னு 1976லயே சட்டம் வந்தாச்சு. நான் எழுதுன ‘சின்ன டிஃபரன்ஸ்’ அந்த அக்காங்க பொழப்ப சாதாரண விஷயமா ஆக்கிருச்சுன்னு எனக்கு அப்ப ரொம்ப வருத்தமா இருந்துச்சு. ராத்திரி பதினொரு மணிக்கு எனக்காக பெட்டி பிரிச்சவங்க அவங்கதான். ரேட்ட சமமாக்க ஆறு மாசம் ஆச்சு, ஆனா ஆச்சு.

அதே ஆடிட்ல டைவர்ஸ் வர்க்ஃபோர்ஸ்னு ஒரு கேள்வி, விவாகரத்து டைவர்ஸ் இல்ல, இது வேற வார்த்தை. நான் வேரியஸ் வர்க்கர்ஸ்னு எழுதப் போனேன். வேரியஸ் வர்க்கர்ஸ்னா பல தொழிலாளிங்க, அவ்ளோதான். டைவர்ஸ்னா ஒரே கூட்டத்துக்குள்ள ஆளுக்கு ஆள் ஊர், மொழி, பழக்கம் வேறயா இருக்கறது. எங்க லைன்ல ஒடிசா பொண்ணுங்க, பீகார் பசங்க, ஜார்க்கண்ட், மதுரை, தேனி, எல்லாம் ஒரே பெல் அடிச்சா ஒண்ணா டீ குடிக்க போறவங்க. வேற வேறயா இருக்கறாங்க, ஆனா ஒண்ணா இருக்கறாங்க. இந்த வார்த்தைல அந்த ‘ஒண்ணா’வும் சேந்து இருக்கு, அதனாலதான் நாட்டப் பத்தி, காட்டப் பத்தி, ஊழியருங்களப் பத்தி பேசும்போது டைவர்ஸ்னு சொல்றாங்க.

பாத்தா நல்ல வார்த்தை மாதிரி இருந்து கால வாரி விடற ரெண்டு மூணு இருக்கு. வேரியபிள் குவாலிட்டி. எங்க கம்பெனி அறிமுக லெட்டர்ல, பலவித தரத்துல துணி குடுப்போம்னு சொல்ல நெனச்சு அப்படி எழுதி எத்தன பேருக்கு போச்சோ தெரியல. அதுக்கு அர்த்தம் எங்க தரம் நிலையா இருக்காது, ஒரு நாள் நல்லா இருக்கும் ஒரு நாள் இருக்காது. எ வைட் ரேஞ்ச் ஆஃப் குவாலிட்டீஸ்னு எழுதியிருக்கணும். இன்டிஃபரன்ட்னா வித்தியாசமில்லாததுன்னு தோணும், இல்ல. மனுஷனுக்கு சொன்னா அக்கறையில்லாதவன், பொருளுக்கு சொன்னா சுமாரானது. போன வருஷம் ஒரு ஜூனியர், ஷேட் அப்ரூவல்கூட அப்படியே இருக்குங்கறத ‘ஷேட் இஸ் இன்டிஃபரன்ட்’னு அடிச்சு வெச்சிருந்தா, அனுப்பறதுக்கு முன்னாடி பாத்துட்டேன். இன்வேரியபிளின்னா மாறாம, அதாவது எப்பவும். டிஸ்டிங்க்ட்னா தெளிவா தனியா தெரியறது, டிஸ்டிங்க்டிவ்னா அதுக்கே உரிய தனித்தன்மை. ரெண்டு கோடு டிஸ்டிங்க்டா தெரியும், காஞ்சிபுரம் பார்டர் டிஸ்டிங்க்டிவா இருக்கும்.

நீங்க இப்படி வேலைல இருந்தா நான் பண்ற மாதிரி பண்ணி பாருங்க. மெயில்ல டிஃபரன்ஸ்னு கை போகும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி தமிழ்ல கேட்டுக்குவேன். எதுக்கும் எதுக்கும்? வேறயா, மாறுதா, முரண்படுதா, ஏற்றத்தாழ்வா? பதில் வந்தப்புறம்தான் இங்கிலீஷுக்கு போவேன். வார்த்தைய தனியா மனப்பாடம் பண்றது நிக்காது, அந்த வார்த்தைய எழுதினா அடுத்து யார் என்ன செய்வாங்கன்னு சேத்து எழுதி வெச்சா நிக்கும். என் நோட்டுல வேரியேஷனுக்கு நேரா ‘ரோல் பிரி’ன்னும், டிஃபர்க்கு நேரா ‘அப்ரூவல் கேளு’ன்னும், டிஸ்க்ரெபன்சிக்கு நேரா ‘ரெண்டு பேப்பரையும் எடு’ன்னும்தான் எழுதியிருக்கு, அர்த்தம்னு ஒண்ணும் எழுதல.

நேத்து சாயந்திரம் புதுசா சேந்த பொண்ணு ஒருத்தி ஒரு மெரூன் துண்ட கைல வெச்சுட்டு வந்தா. “அக்கா, ஷேட்ல லைட்டா வித்தியாசம் இருக்குதுங்கக்கா, பையருக்கு என்ன வேர்டு போடட்டும்?” எதுக்கும் எதுக்கும் கண்ணுன்னு கேட்டேன். லேப் டிப்புக்குன்னா. ரோலுக்கு ரோல்? கொஞ்சம் யோசிச்சா. பகல் வெளிச்ச லைட்லயா, கடை லைட்லயா? அதுக்கும் யோசிச்சா, ஏன்னா சில துணி ஒரு லைட்ல ஒட்டிப்போகும் இன்னொரு லைட்ல காட்டிக்குடுத்துரும். பதில் ஒண்ணும் சொல்லல, மெயில அப்படியே டிராஃப்ட்ல விட்டுட்டு, கத்திரியும் ஸ்கேலும் எடுத்துட்டு குடோனுக்கு போய் ரோல் பிரிக்க ஆரம்பிச்சுட்டா.